ரயில் ஸ்டோருக்கு வெள்ளையடித்தவர்கள்

புஷ்பவதி சத்தம் போட்டால் மாத்தளை ஸ்டேஷனில் நிற்கிற ரயில் பெட்டிக்குள்ளும் கேட்கும் என்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனாலும் ஸ்டேஷனுக்கும் அவள் வேலை செய்யும் ஸ்டோருக்கும் நடுவில் இரண்டு தண்டவாளமும் ஒரு துண்டுப் புல்தரையும்தான் கிடக்கின்றன என்பதால், ஒரேயடியாகப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது.

ரயில் ஸ்டோர் என்று ஊரார் சொல்வது ஒரு கட்டடத்தை அல்ல. இந்தப் பக்கம் ரயில் பாதை, அந்தப் பக்கம் சுது கங்கை, நடுவில் வரிசையாக நான்கு நீளக் கட்டடங்கள். கருங்கல் மேடை, இரும்புத் தூண், ஓட்டுக் கூரை. தோட்டங்களிலிருந்து இறங்கிய கொக்கோவும் இறப்பரும் ஏலக்காயும் ஒரு காலத்தில் இங்கேதான் காய்ந்து, தரம் பிரிந்து, மூட்டையாகி, மேடையோரமே வந்து நின்ற சரக்குப் பெட்டிகளில் ஏறிக் கொழும்புக்குப் போயின. அந்தக் கிளைப் பாதை இப்போது புல்லுக்கடியில் கிடக்கிறது. மூன்று ஸ்டோர்களைப் பூட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. ஸ்டேஷனுக்கு நேரே இருக்கும் நான்காவதில் மட்டும் முப்பத்தொரு பெண்கள் தரையில் உட்கார்ந்து மிளகு புடைக்கிறார்கள், கராம்பில் காம்பு பொறுக்குகிறார்கள், சாதிக்காயைத் தட்டிப் பார்த்துச் சொத்தையை ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவள் புஷ்பவதி. பதினாலு வயதில் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவளுக்கு இப்போது ஐம்பத்தாறு.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தவர்கள் கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். நான்கு ஸ்டோர்களையும் இடித்துவிட்டு, கார் நிறுத்த வசதியோடு ஒரு சூப்பர் மார்க்கெட் கட்ட உரிமையாளர் அனுமதி கேட்டிருக்கிறாராம், ஆட்சேபம் உள்ளவர்கள் அறிவிக்கலாமாம். உரிமையாளர் றம்ஸி முதலாளி வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அங்கே வந்திருந்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, கறுப்பு மிளகு நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரம் பார்த்து, காகிதத்தை ஒட்ட ஆள் அனுப்பியிருக்கிறார்.

இடிப்பதைவிட அந்தச் சிரிப்புத்தான் புஷ்பவதியை அதிகம் சுட்டது. பலாபத்வலைப் பக்கம் மிளகு தரம்பிரிக்க மெஷின் வந்துவிட்டது. ஐம்பது தாண்டிய பொம்பளைகளை இனி எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? இந்தக் கூரை போனால் முப்பத்தொரு பேருக்கும் வேறு கூரை கிடையாது. இது றம்ஸிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிள்ளைகளின் படிப்பை விசாரித்திருக்கிறார்.

அன்றைக்கே அவள் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள். எந்த மேசைக்கு முன்னால் போடவேண்டும் என்று தெரியாததால் எல்லா மேசைக்கு முன்னாலும் போட்டாள். கடைசியில் ஸியாம் என்ற கலாசார உத்தியோகத்தர் அவளைக் கதிரையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, கட்டடத்துக்கு எத்தனை வயசு என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போகப் போகிறது என்று வந்தவளிடம் சுவரின் வயதைக் கேட்கிற மனுஷன்! ஆனால் ஸியாம் விடவில்லை. நூறு வருஷம் கடந்த கட்டடம் என்று காட்ட முடிந்தால் அதைப் பாதுகாக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், பாதுகாத்துவிட்டால் இடிக்க முடியாது, உள்ளே நடக்கிற தொழிலும் நடந்துகொண்டிருக்கலாம் என்று விளக்கினார். கொழும்பிலிருந்து தொல்பொருள் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அவர் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னார்.

விண்ணப்பத்தை அவரே எழுதிக் கொடுத்தார். முப்பத்தொரு பேரும் கையெழுத்து வைத்தார்கள். ஹமீமா முதல் ஆளாக வைத்தாள். கொங்காவலையைச் சேர்ந்தவள், புஷ்பவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாகக் கராம்பு பொறுக்குகிறவள், ஒரே பார்சலில் சோறு தின்கிறவள்.

மே மாதம் பதினெட்டாம் திகதி ஆள் வரும் என்று கடிதம் வந்தது. கடிதம் வந்த மறுநாளே றம்ஸி ஸ்டோருக்கு வந்தார். சண்டை பிடிக்கப்போகிறார் என்று எல்லோரும் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் வழக்கம்போலச் சிரித்தார். விண்ணப்பம் போட்டது உங்கள் உரிமை, அதில் எனக்குக் கோபமில்லை என்றார். பிறகு சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வரும்போது இடத்தை இப்படியா காட்டுவது, உங்களுக்கும் கேவலம், எனக்கும் கேவலம் என்றார். சொல்லிவிட்டுப் போனவர் அன்று பின்னேரமே ஒரு லொறி நிறையப் பெயின்ட் வாளிகளும் சீமெந்துப் பைகளும் அனுப்பினார். தூண்களில் துரு எடுக்க மெஷினோடு ஓர் ஆளும் வந்தான்.

இந்த இடத்தில் புஷ்பவதி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஊரில் யாருடைய சிரிப்பையும் நம்பாதவள் இதை நம்பினாள் என்றால் அதற்குக் காரணம் அவள் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடு. தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள். பாதையோரக் கல்லுக்குக்கூட வெள்ளை பூசுவார்கள். மூக்கொழுகும் பிள்ளைகளைத் துடைத்து ஓரத்தில் நிறுத்துவார்கள். மழை ஒழுகுகிற கூரையை வருஷம் முழுவதும் திரும்பிப் பாராதவர்கள், வெள்ளையடிக்கிற சுண்ணாம்பை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பெரிய மனிதர் வருகிறார் என்றால் வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும் தன்பாட்டில் கைக்கு வந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மூன்று நாள் வேலை நடந்தது. வாசல் சுவரில் மங்கிக் கிடந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்கு மேல் இரண்டு பூச்சு வெள்ளை. கருங்கல் மேடையில் வெடிப்புத் தெரியாமல் சீமெந்து. மெஷின்காரன் தூண்களைச் சுரண்டிப் பளபளப்பாக்கிக் கொடுக்க, ஹமீமாவும் இன்னும் நாலு பேரும் அவற்றுக்குச் சில்வர் பெயின்ட் பூசினார்கள். கடைசி நாள் மாலையில் றம்ஸி வந்து எல்லோருக்கும் பிரியாணிப் பார்சல் கொடுத்தார். கையில் பிரஷ்ஷோடு நிற்கவைத்துப் போனில் போட்டோவும் எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பவதி நடுவில் நின்று, எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள்.

பதினெட்டாம் திகதி வந்தவர் ஒரு சிங்களப் பெண், முப்பது வயதுகூட இராது. ஜீப்பிலிருந்து இறங்கி, தோளில் கமராவோடு வாசல்வரை வேகமாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டோர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. புஷ்பவதி கைகூப்பி வரவேற்றாள். மிஸ் சிரிக்கவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தார், விரலில் வெள்ளை ஒட்டியது. மேடையில் குந்திச் சீமெந்தை நகத்தால் கீறினார். ஒவ்வொரு தூணாகப் போய் அடியில் தடவினார். அங்கே வார்ப்பிலேயே பட்டறைப் பெயரும் வருஷமும் இருக்கும் என்று ஸியாம் எழுதியிருந்தாராம். அந்த வருஷத்தைப் புஷ்பவதியும் நாற்பது வருஷமாகப் பார்த்திருக்கிறாள்: ஆயிரத்துத் தொளாயிரத்து நான்கு. இப்போது அங்கே சில்வர் பூச்சுத்தான் இருந்தது. மெஷின்காரன் துருவோடு எழுத்தையும் வழித்தெடுத்திருந்தான்.

யார் இதைச் செய்யச் சொன்னது என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார். நாங்களே செய்தோம் மிஸ், நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் செய்தோம் என்று புஷ்பவதி பெருமையோடு சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று. அவர் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: நான் பழசைப் பார்க்க வந்தேன் அம்மா, இங்கே பழசு எதுவும் மிச்சமில்லை. உரிமையாளர் காட்டும் காணி உறுதிப் பத்திரத்தில் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்றுக்கு முந்திய திகதி கிடையாது, கண்ணால் கண்டதைத்தான் நான் எழுத முடியும். ஜீப் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே வந்து நின்ற றம்ஸி தன் காரிலிருந்து இறங்கவேயில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கிவைத்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் புஷ்பவதிக்கு விளங்கிற்று. பெயின்ட், சீமெந்து, மெஷின், பிரியாணி, எல்லாம். தங்கள் கையாலேயே தங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போடவைத்திருக்கிறான். அதுவும் எந்தக் கையால்? பெரியவர்கள் வந்தால் வெள்ளையடிக்கத்தான் தெரியும் என்று பழக்கிவைத்த அதே கையால். லயத்துப் புத்தி எப்படி ஓடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அவள் யாரையும் ஏசவில்லை. ஏசாததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பயந்தார்கள்.

அடுத்த வாரம் றம்ஸி மறுபடி வந்தார், முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு. லோயரிடம் கேட்டேன், விஷயம் பாரதூரமானது என்றார். பழைய கட்டடம் என்று விண்ணப்பம் போட்டுவிட்டு, அதே கட்டடத்தைப் பெயின்ட் பூசிச் சிதைத்திருக்கிறீர்கள், அது பெரிய குற்றம், கோர்ட்டுக்கு இழுப்பார்கள், சிறையில் மறியலுக்கும் அனுப்பலாம், போட்டோவும் இருக்கிறது என்றார். போட்டோ யாருடைய போனில் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. ஒரு வழிதான் உண்டு: விண்ணப்பத்தை வாபஸ் வாங்குங்கள், இது அப்படியொன்றும் பழைய கட்டடமல்ல என்று எழுதிக் கொடுங்கள், குற்றமும் இல்லாமல் போய்விடும். டைப் அடித்த கடிதம் அவர் கையிலேயே இருந்தது.

கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே பெண்கள் கலங்கிவிட்டார்கள். மகளுக்குக் கலியாணம் பேசுகிறவள், மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப பொலிஸ் றிப்போர்ட் எடுக்கக் காத்திருக்கிறவள், புருஷனுக்குப் பதில் சொல்லவேண்டியவள் என்று ஆளுக்கொரு பயம். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் கையெழுத்து வைத்தார்கள். ஹமீமாவும் வைத்தாள். புஷ்பவதி ஒருத்திதான் வைக்கவில்லை.

"நீங்க கோவமா ஈக்கிறது வெளங்குது புஷ்பா," என்றாள் ஹமீமா. "எனக்குக் கோர்ட்டுப் படி ஏற ஏலாது."

புஷ்பவதி அன்றைக்குத் தன் சோற்றுப் பார்சலைத் தனியாக, ஆற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள்.

விண்ணப்பத்தின் மீதான விசாரணை ஜூன் பத்தாம் திகதி காலை பத்து மணிக்கு, பிரதேச செயலகத்தில். வாபஸ் வாங்குவதை நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பதால் முப்பது பெண்களையும் றம்ஸி இரண்டு வேனில் ஏற்றிவந்து வராந்தாவில் உட்காரவைத்திருந்தார். புஷ்பவதி நடந்து வந்தாள். உள்ளே ஸியாமும் கொழும்பு மிஸ்ஸும் இருந்தார்கள். றம்ஸி கடிதத்தை மேசையில் வைத்து, தொழிலாளிகள் தங்கள் பிழையை உணர்ந்துவிட்டார்கள், இதை இத்தோடு முடித்துக்கொள்வோம் என்றார். ஸியாம் கடிதத்தைப் படித்துவிட்டுப் புஷ்பவதியைப் பார்த்தார். உங்கள் பெயர் இதில் இல்லையே, நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார்.

புஷ்பவதி எழுந்து நின்றாள். வழியெல்லாம் அவள் யோசித்துவந்தது ஏச்சு. அம்மாவிலிருந்து தொடங்கி ஏழு தலைமுறைக்கும் போகக்கூடிய ஏச்சு. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நான் குத்தம் செஞ்சிருக்கேங்க. எம்மேல கேஸ் எழுதுங்க."

ஸியாம் நிமிர்ந்தார். என்ன குற்றம் என்று கேட்டார்.

"நூத்தி இருவது வருசத்துக் கட்டடத்தப் பெயின்ட் பூசிப் பாழாக்கிட்டேன். பழைய கட்டடத்தச் சிதைச்சா மறியல்னு மொதலாளிதான் சொன்னாங்க. அதான் வந்திருக்கேன்."

மிஸ்ஸுக்கு ஸியாம் சிங்களத்தில் சொல்லத் தொடங்க, புஷ்பவதி பொறுக்காமல் தானே சிங்களத்தில் திரும்பச் சொன்னாள், இரண்டு மடங்கு சத்தமாக. மிஸ் பேனாவை எடுத்தார். றம்ஸி இடையில் புகுந்தார். இவர்கள் படிக்காத ஆட்கள், தெரியாமல் செய்துவிட்டார்கள், அதற்கெல்லாம் கேஸ் தேவையில்லை என்றார்.

புஷ்பவதி அவர் பக்கம் திரும்பினாள்.

"மொதலாளி, ஒன்னு சொல்லுங்க. அந்த ஸ்டோரு பழசா, புதுசா? புதுசுன்னா நாங்க ஒரு குத்தமும் செய்யல. வெளியில ஒக்காந்திருக்கிற முப்பது பேரையும் என்னாத்துக்குப் பயங்காட்டிக் கையெழுத்து வாங்குனீங்க? பழசுன்னா பழசுன்னு எழுதச் சொல்லுங்க. என்னையப் புடிச்சு உள்ள போடட்டும்."

றம்ஸி ஸியாமைப் பார்த்தார், பிறகு மிஸ்ஸைப் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்கவில்லை. புதுசு என்றால் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகும், பெண்களின் பயமும் அதோடு போகும். பழசு என்றால் சூப்பர் மார்க்கெட் போகும். மிஸ் அவருக்காகக் காத்திருக்கவில்லை. புஷ்பவதியிடம் பெயர், முகவரி, வயது கேட்டு எழுதினார். பெயின்ட் யார் வாங்கியது என்று கேட்டார். தூணில் எழுத்தை வழித்தெடுத்த மெஷின்காரனை யார் அனுப்பியது என்று கேட்டார். புஷ்பவதி சொன்னாள். லொறி வந்த நாள், வாளியில் இருந்த நிறம், மெஷின்காரன் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி கேட்டான் என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். தூணில் இருந்த வருஷத்தையும் சொன்னாள். மிஸ் அதை எழுதி, கீழே கோடு போட்டார்.

இனி என்ன நடக்கும் என்று ஸியாம் கேட்டார். விஷயத்தை நீதிமன்றத்தில் வைப்பேன், பழசா புதுசா என்பதை நீதவான் தீர்மானிக்கட்டும், அதுவரை அந்த நான்கு கட்டடங்களும் வழக்கோடு சம்பந்தப்பட்டவை, எவரும் ஒரு செங்கல்லையும் அசைக்கக் கூடாது என்று கேட்பேன் என்றார் மிஸ்.

"அக்கா," என்றார் றம்ஸி, குரலைத் தாழ்த்தி. "நீங்க எங்கட ஆக்கள். இப்பிடிச் செய்யலாமா? நான் எல்லாத்தையும் வாபஸ் வாங்குறேன்."

இருந்த கோபமெல்லாம் ஒன்றாய்த் திரண்டு அவளுக்குத் தலைக்கேறியது இப்போதுதான். நாற்பத்திரண்டு வருஷம் மிளகுத் தூசியைத் தின்று இருமியவளை, கேட்டில் காகிதம் ஒட்டும்போது எங்கட ஆக்கள் என்று நினைக்காத மனுஷன், தன் பெயரும் காகிதத்தில் ஏறியதும் சொந்தம் கொண்டாடுகிறான்.

"வாபஸ் வாங்க இது ஒங்க கேஸ் இல்ல மொதலாளி. இது எங்கேஸ். நான்தான் குத்தவாளி."

வழக்கு எத்தனை காலம் இழுக்கும் என்று அவள் ஸியாமிடம் கேட்டாள். ஸியாம் நாடியைத் தடவினார். குற்றம் சாட்டப்பட்ட எதிராளி ஒருவர் என்றால் இரண்டு மூன்று வருஷம் என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததுபோல, எதிராளிகள் கூடினால் காலமும் கூடும், முப்பது முப்பத்தொரு பேர் என்றால் கோர்ட்டில் ஒவ்வொரு தவணைக்கும் ஒருவராவது வராமல் இருப்பார்கள், அது எங்கே போய் முடியுமென்று சொல்ல முடியாது என்றார்.

புஷ்பவதி வராந்தாவுக்கு வந்தாள். பெண்கள் சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பேசியதில் பாதி வெளியிலும் கேட்டிருக்கும், அவளுடைய பாதி. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர்கள்மேல் இருந்த கோபமும் அவளுக்குத் தீரவில்லை. இன்றைக்குத் தீராது, நாளைக்கும் தீராது. அவள் ஹமீமாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஆத்துப் பக்கத்துத் தூணு எட்டுக்கும் பெயின்ட் அடிச்சது யாரு?"

ஹமீமா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"யாருன்னு கேக்குறேன்."

"நான்தான்."

"அப்ப உள்ள போயி அதச் சொல்லு. பேரக் குடு. மேடைக்குச் சீமெந்து பூசுனவளுக எந்திரிங்க. செவுத்துக்கு அடிச்சவளுக, ஏணி புடிச்சவளுக, வாளி தூக்குனவளுக, எல்லாரும் எந்திரிங்க. எல்லாரையும் சேத்துத்தான் கேஸ் எழுதணும். கேஸு இழுக்குற வரைக்கும் ஸ்டோருல ஒரு செங்கல்லையும் எவனும் அசைக்க முடியாது. ஒங்ககிட்டப் பேச வேண்டியத நான் பொறகு பேசிக்கிறேன்."

வாசலில் வேன் டிரைவர் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஹமீமா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தாள். கோர்ட்டுப் படி ஏற ஏலாது என்றவள், வாசற்படியில் ஒருகணம் நின்று, புஷ்பவதியைப் பார்க்காமலே உள்ளே போனாள். மேசைக்கு முன்னால் நின்று தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லும் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது. வராந்தாவில் மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, சம்பள நாளில் நிற்பதுபோல வரிசையில் நின்றார்கள். புஷ்பவதி வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, எவளும் வேன் பக்கம் நழுவிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.